ஒரே கூரையில் நாலு கார்

ஜனவரி 17, சனி

இன்று அங்காடி வாசலில் கால் மணி நேரம் பாடுபட்டு ஒரு காரின் மேல் கிடந்த பனியை எல்லாம் வழித்துத் தள்ளினேன். கூரை, கண்ணாடி, விளக்கு, ஒன்று விடவில்லை. முதுகு விண்ணென்றது. வேலை முடிந்து பெருமையோடு சாவியை அழுத்தினால், இரண்டு வரிசை தள்ளி ஒரு பனிக்குன்று "கீக்" என்றது. அதுதான் என் கார்.

நான் வழித்த காருக்குச் சொந்தக்காரர் பின்னால் முட்டைக்கோஸ் பையோடு நின்றுகொண்டிருந்தார். எப்போதிலிருந்து நின்றாரோ. "நடுவுல நிறுத்தச் சொல்லக் கூச்சமா இருந்துச்சுங்க" என்று குனிந்து குனிந்து நன்றி சொன்னார். நம்பர் பலகை மட்டும் மூடிக் கிடந்தது. அதையும் துடைத்துக் கொடுத்தேன். வேறென்ன செய்வது? அந்தப் பலகையை முதலில் துடைத்திருந்தால் இந்த அவமானமே இல்லை.

வீட்டில் சொல்லாமல்தான் இருந்திருக்க வேண்டும். என் மனைவி கிமியே அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்து சிரித்தாள். "முப்பத்தஞ்சு வருஷமா எங்கிட்ட ஒரு தடவையாவது இப்படிப் பாசமா இருந்திருக்கீங்களா, ஊரான் காருகிட்ட இருந்த மாதிரி?"

அப்போது இன்னொரு சிரிப்பும் கேட்டது. சஹோ. நவம்பரில் நகோயாவிலிருந்து இரண்டு பெட்டியோடு ரயிலில் வந்து இறங்கினாளே, அதற்குப் பிறகு என் மகள் சத்தம் போட்டுச் சிரித்தது இன்றுதான். ஆறு வருஷக் கல்யாணம் முடிந்துபோனதைப் பற்றி இந்த வீட்டில் யாரும் வாய் திறப்பதில்லை. பனி பெய்வதைப் பற்றி நிறையப் பேசுகிறோம்.

ஜனவரி 18, ஞாயிறு

முதுகு வலி. மேலும் முப்பது சென்டிமீட்டர் பனி. இன்று என் காரையே வழித்தேன். இரண்டு முறை சரிபார்த்தேன்.

பிப்ரவரி 3, செவ்வாய்

பேய் விரட்டும் நாள். வழக்கம்போல நான்தான் பேய். காகித முகமூடியைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றேன். "பேய் வெளியே! பாக்கியம் உள்ளே!" என்று அம்மாவும் மகளும் வறுத்த சோயா மொச்சையை வீசினார்கள். கிமியே வீசியது பூ மாதிரி விழுந்தது. சஹோ வீசியது கல் மாதிரி.

"யம்மா! யாரை நெனச்சு எறியுற? நான் உங்கப்பன்டி!"

"முகமூடி நல்லாப் பொருந்தியிருக்குப்பா. அதான்."

பிறகு வயசுக்கு ஒன்றாக மொச்சை எண்ணித் தின்ன உட்கார்ந்தோம். எனக்கு அறுபத்திரண்டு. நாற்பதைத் தாண்டும்போது சஹோ சொன்னாள், "அப்பா, ஒரு கார் வாங்கலாம்னு இருக்கேன். பழசுதான். எத்தனை நாளைக்கு அம்மா காரையே எடுத்துட்டுப் போறது?"

எண்ணிக்கை போயிற்று. மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்து மொத்தம் நூறு தின்றிருப்பேன். வயிறு உப்பிக்கொண்டு எழுதுகிறேன். எங்கள் பக்கத்தில் பேருந்து காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. இங்கே ஒருத்தி கார் வாங்குகிறாள் என்றால் வேர் விடுகிறாள் என்று அர்த்தம். தங்கப் போகிறாள்!

பிப்ரவரி 8, ஞாயிறு

பழைய கார் விற்கும் இடத்துக்குப் போனோம். சஹோ வெளிர்பச்சைக் குட்டிக் கார் ஒன்றைச் சுற்றிச் சுற்றி வந்தாள். நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி. "மலைப்பாதை ஏறுமா?" என்று இரண்டு தரம் கேட்டாள். எங்கள் ஊர் தட்டை. எங்கே மலை? பனிக்காகக் கேட்கிறாள் என்று நினைத்து, "ஏறும் ஏறும், பறக்கும்" என்று விற்பவனை முந்திக்கொண்டு நானே பதில் சொன்னேன். அடியில் துரு இருக்கிறது, பூசித் தர இரண்டு மாதம் ஆகுமாம். ஏப்ரலில் வரும்.

வாசலில் இப்போது என் கார், கிமியே கார், காய்கறித் தோட்டத்துக்குப் போகும் குட்டி லாரி. நாலாவதுக்கு இடம் வேண்டும். வீடு வந்ததும் சீமைப்பனிச்சைப் பழ மரத்தடியில் அளந்து பார்த்தேன். அளவு நாடாவோடு பனியில் விழுந்ததை யாரும் பார்க்கவில்லை. அதனால் அது நடக்கவே இல்லை.

பிப்ரவரி 11, புதன், விடுமுறை

சுகினோவை வரச் சொன்னேன். பள்ளியில் என் பின்பெஞ்சு. கணக்குத் தேர்வில் என்னைப் பார்த்து எழுதினான், இரண்டு பேரும் சேர்ந்து தோற்றோம். நான் அலுமினிய ஜன்னல் தொழிற்சாலைக்குப் போனேன். அவன் இன்ஷூரன்ஸ் ஏஜெண்டு ஆனான். கணக்கு வராதவன் அதில் எப்படிப் பிழைக்கிறான் என்பது ஊர் ரகசியம்.

"நாலு காரையும் ஒரே பாலிசியில போட்டா மிச்சமாகுமாடா?"

"ஆகும். நூத்துக்கு நாலு. வருஷத்துக்கு ஒரு நல்ல நண்டு வாங்கலாம்."

"ஒரு நண்டா? அவ்வளவுதானா?" என்றாள் கிமியே.

"அக்கா, நண்டு என்ன விலை விக்குதுன்னு பாத்தீங்களா?" என்று தேநீரை உறிஞ்சிவிட்டுப் பழைய பத்திரங்களைப் புரட்டினான். "ஆனா இங்க பாரு யாசு. வக்கீல் செலவு, அடுத்தவங்க பொருளை உடைச்சா குடுக்கிற ஈடு, இதெல்லாம் ஒரு காருக்குப் போட்டாலே வீட்டுல எல்லாருக்கும் சேரும். நீ மூணு காருக்கும் தனித்தனியாக் கட்டுற. ஒரே மழைக்கு மூணு குடை பிடிச்சு நடக்கிற."

"எத்தனை வருஷமா?"

"பதினொண்ணு."

"நீதானேடா எழுதின!"

"அதான் சொல்றேன், கவனிக்கணும்னு."

ஆக, கழிவில் மிச்சம் ஒரு நண்டு, குடைகளை மடக்கினால் இன்னும் இரண்டு நண்டு. மேலும் நாலு தேதி, நாலு கடிதம் என்று இல்லாமல் ஒரே தேதி. ஒரே ஒரு நிபந்தனை: எல்லாரும் ஒரே கூரைக்குக் கீழ் இருக்க வேண்டும். "இருக்கோமே!" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போல. சஹோ ஆரஞ்சுத் தோலை உரித்துக்கொண்டே இருந்தாள். உரித்து முடித்தும் அதைத் தின்னவில்லை.

பிப்ரவரி 15, ஞாயிறு

அடியில் கணப்பு வைத்த மேசைக்குள் காலை நீட்டிப் பகலில் தூங்கிவிட்டேன். ஜன்னலுக்கு வெளியே பனி மேலிருந்து கீழே விழுகிறதா, வீடு கீழிருந்து மேலே போகிறதா என்று தெரியாத மாதிரி பெய்துகொண்டிருந்தது.

கனவு. நாலு காரும் வாத்துகள். வரிசையாக வாசலைத் தாண்டி நடந்து, தண்ணீர் கட்டிய வயலில் இறங்கின. தண்ணீருக்குள் வானம். தாத்தேயாமா மலை தலைகீழாக நின்றது. வாத்துகள் மேகத்தின் மேல் நீந்தின, சத்தமே இல்லை. ஒரு நூலால் எல்லாவற்றையும் கோத்திருந்தேன். நூலை இழுத்துப் பார்த்தேன். முதலாவது திரும்பியது, இரண்டாவது திரும்பியது, குட்டி லாரியும் திரும்பியது. பச்சை வாத்து மட்டும் போய்க்கொண்டே இருந்தது. நூல் அதன்மேல் சும்மா கிடந்திருக்கிறது, கட்டவே இல்லை.

எழுந்தால் கன்னத்தில் எச்சில். கிமியே, "தூக்கத்துல 'குவாக்'னு சொன்னீங்க" என்கிறாள். பொய்யாக இருக்கும்.

பிப்ரவரி 22, ஞாயிறு

ஒரு கட்டத்தில் குறி போட்டதற்கு இத்தனை பாடா?

சுகினோ படிவம் கொண்டுவந்தான். யார் யார் ஓட்டுவார்கள், என்ன உறவு. மகள் என்று எழுதி, "மணமாகாதவர்" என்ற கட்டத்தில் குறி போட்டேன். இப்போது கணவன் இல்லை, அப்படியானால் அதுதானே?

சுகினோ தலையைச் சொறிந்தான். "அது இல்லடா... எங்க காகிதத்துல 'மணமாகாதவர்'னா ஒரு தடவைகூட ஆகாதவர்னு அர்த்தம்."

"இப்ப இல்லையேடா?"

"ஒரு தடவை ஆயிட்டா ஆனதுதான். இங்கயே இருக்கிற வரைக்கும் தொந்தரவில்ல, வீட்டு ஆளுதான். ஆனா கல்யாணமே ஆகாத பொண்ணு டோக்கியோவுல தனியா இருந்தாலும் காகிதத்துக்கு அவ இந்தக் குடும்பம். லீவுக்கு வந்து உன் காரை ஓட்டலாம். சஹோ வெளிய போயிட்டு லீவுக்கு வந்து ஓட்டினா..."

"ஓட்டினா?"

"வெளியாளு."

கதவுப் பக்கம் சஹோ தட்டோடு நின்றிருந்தாள். சுகினோ முகம் ஊறுகாய் இஞ்சி மாதிரிச் சிவந்து போயிற்று. அவளே வந்து உட்கார்ந்தாள். "திருத்தணும்னா ரெண்டு கோடு போட்டு முத்திரை வைக்கணும், இல்லீங்களா மாமா?" என்று அளவுகோலை என் பக்கம் நகர்த்தினாள்.

போட்டேன். இரண்டு கோடு. அதன்மேல் ஹோரிடா என்ற எங்கள் குடும்ப முத்திரை. கோணலாக விழுந்தது.

"விடுங்கப்பா. விவாகரத்தானவங்களை ஊரே 'ஒரு பெருக்கல் குறி'ன்னுதான் சொல்லுது. உங்க ரெண்டு கோடு அதுக்கு எவ்வளவோ நேரா இருக்கு" என்று சிரித்தாள். சுகினோவும் சிரித்தான். நான் மையைத் துடைக்கப் போகிறேன் என்று எழுந்து குளியலறைக்குப் போனேன். விரலில் மையே இல்லை.

வெளியாளாம். இவளைத் தோளில் தூக்கிக்கொண்டு பனி விழாவுக்குப் போனவன் நான். எந்தக் காகிதம் சொல்லுது, வெளியாளுன்னு?

மார்ச் 7, சனி

கூரைப் பனி முழுசாகச் சரிந்து விழுந்தது. வீடு பெருமூச்சு விட்ட மாதிரி இருந்தது.

மார்ச் 29, ஞாயிறு

கானல் தோன்றும் என்று வானொலியில் சொன்னார்கள். சஹோவே கூப்பிட்டாள், "வாங்கப்பா, கடற்கரைக்குப் போகலாம்." உவோஸுவில் கடலோரச் சுவர் நெடுகக் காமிராக்காரர்கள். நாங்கள் சோற்றுருண்டையைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம்.

ஒரு மணிவரை ஒன்றுமில்லை. பிறகு எதிர்க்கரை மெல்ல இளகத் தொடங்கியது. கிடங்குகள் மெழுகு மாதிரி மேலே இழுபட்டன, பாலம் இரண்டாகி ஒன்றன்மேல் ஒன்று நின்றது, கடலில் இல்லாத வேலி ஒன்று முளைத்தது. எல்லாக் காமிராவும் படபடவென்று அடித்தன. பக்கத்துக் கிழவர் மட்டும், "இன்னைக்குச் சுமார்தான்" என்றார்.

அதைப் பார்த்துக்கொண்டே சஹோ சொன்னாள். "அப்பா, மத்சுமோத்தோவுல ஒரு ஆஸ்பத்திரிச் சமையல்கூடத்துல வேலை கெடச்சிருக்கு. நோயாளிகளுக்கு என்ன சமைக்கணும்னு திட்டம் போடுற வேலை. என் படிப்புக்கு ஏத்தது. மே ஒண்ணாந்தேதி சேரணும்."

மத்சுமோத்தோ மலைக்கு அந்தப் பக்கம். மலைப்பாதை ஏறுமா என்று இரண்டு தரம் கேட்டாளே! அவள் கார் வாங்கியது இங்கே ஓட்ட இல்லை. இங்கிருந்து ஓட்ட.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"போன மாசமே."

"எல்லாருக்கும் தெரியும், எனக்குத்தான் தெரியாது."

"நீங்க நாலு கார், நாலு கார்னு குதிச்சிட்டு இருந்தீங்க. எப்படிச் சொல்றது?"

நல்ல வேலைதான் என்றேன். சாப்பாடு எப்படி, குளிர் எப்படி என்று கேட்டேன். எதிர்க்கரை சொட்டுச் சொட்டாகக் கீழே இறங்கி, கடைசியில் எப்போதும் இருக்கிற கரையாக ஆனது. சோற்றுருண்டைக்குள் இருந்த உப்புப் பிளம் அவ்வளவு புளிப்பு, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பிளம்தான்.

மார்ச் 30, திங்கள்

மூன்று கார் என்றாலும் கழிவு அதேதானாம். சுகினோ தொலைபேசியில் சொன்னான். ஆறுதலாகச் சொன்னான் என்று நினைக்கிறேன். மடையன்.

ஏப்ரல் 2, வியாழன்

வேலை முடிந்து நேரே சுகினோ அலுவலகம். தனியாகப் போய் இன்ஷூரன்ஸ் எடுத்தால் சஹோவுக்கு எவ்வளவு ஆகும் என்று கேட்கத்தான் போனேன்.

"நகோயாவுல கார் அவங்க வீட்டுக்காரர் பேருல. இவ எத்தனை வருஷம் பத்திரமா ஓட்டியிருந்தாலும் கணக்குல வராது. ஆறாம் படியிலேர்ந்து ஆரம்பிக்கணும். நல்லா வலிக்கும்."

நான் இருபதாம் படி. அதற்கு மேல் படி இல்லை. ஒரு வருஷம் இடிக்காமல் ஓட்டினால் ஒரு படி ஏறும், பிரீமியம் இறங்கும். இடித்தால் ஒரே அடியாக மூன்று படி சறுக்கும். முப்பது வருஷமாக நான் ஏறி உட்கார்ந்து வைத்திருக்கிற ஒரே உயரம் இதுதான். தொழிற்சாலையில்கூட உதவி மேற்பார்வையாளரைத் தாண்டவில்லை. எங்கள் வாசல் தூணை மூன்று முறை இடித்திருக்கிறேன். மூன்று முறையும் கைக்காசு போட்டு, இன்ஷூரன்ஸ்காரனுக்கு மூச்சு விடவில்லை.

"படியை மகளுக்குக் குடுக்க முடியுமா?"

சுகினோ பேனாவை வைத்தான். "முடியும். அவ கார் புதுசா வாங்குறப்ப உன் பத்திரத்தை அந்தக் காருக்கு மாத்தலாம். ஆனா ஒரே கூரையில இருக்கிறப்பதான். வெளிய குடி போயிட்டா அப்புறம் முடியாது. அப்பன் மகள்னாலும் முடியாது." விரல் விட்டு எண்ணிப் பார்த்து, "உன் காரு, வீட்டுல வேற காரும் இருக்கிறதால ஒரு படி கூட்டி, ஏழாம் படிக்கு வரும் யாசு. கிழவன் ஆகுறவரைக்கும் ஏறணும்."

"இப்ப மட்டும் குமரனா?"

"மூணு காரை ஒண்ணாப் போட்டு மிச்சம் புடிச்சதெல்லாம் இதுல போயிடும். நண்டு கெடையாது."

"எனக்கு நண்டு ஒத்துக்காது."

போகும்போது ஞாபகம் வந்து இன்னொன்றும் கேட்டேன். என் காரைக் குடும்பத்தார் மட்டும்தான் ஓட்டலாம் என்று இருக்கிறதே, அந்த வரியை எடுத்துவிடு, யார் ஓட்டினாலும் செல்லட்டும். பிரீமியம் ஏறும் என்றான். ஏறட்டும் என்றேன். யார் ஓட்டப் போகிறார்கள் என்று அவன் கேட்கவில்லை. கணக்கு வராதவனுக்கு இது மட்டும் வருகிறது.

ஏப்ரல் 5, ஞாயிறு

பச்சைக் கார் வந்தது. நாலு காரும் வரிசையாக நின்றன. செர்ரிப் பூ எங்கிருந்தோ பறந்து வந்து நாலின் கூரையிலும் சமமாக விழுந்தது. மாடி ஜன்னலிலிருந்து வெகுநேரம் பார்த்தேன்.

ஏப்ரல் 11, சனி

பத்திரங்கள் வந்தன. சஹோ தன்னுடையதைப் படித்தாள். பிறகு என்னுடையதை எடுத்தாள். நான் செய்தித்தாளை விரித்துக்கொண்டேன்.

"அப்பா, எனக்கு இருபதுன்னு போட்டிருக்கு."

"நீ நல்லா ஓட்டுவ."

"உங்களுக்கு ஏழு."

"அச்சடிக்கிறவன் தப்புப் பண்ணியிருப்பான்."

"பேப்பரைத் தலைகீழாப் புடிச்சிருக்கீங்க."

திருப்பிப் பிடித்தேன். அவள் எழுந்து போனாள். ஒரு மணி நேரம் கழித்து வாசலில் தண்ணீர்ச் சத்தம். என் காரைக் கழுவிக்கொண்டிருந்தாள். நாலில் என்னுடையதை மட்டும். சக்கரத்து இடுக்கெல்லாம் பல் துலக்கும் தூரிகை போட்டு.

ஏப்ரல் 19, ஞாயிறு

கிமியே கண்டுபிடித்துவிட்டாள். முன்னேயும் பின்னேயும் கூட்டிக் கழித்து, "ஆக, நாலு காரை ஒண்ணாச் சேர்க்கப் போய், போன வருஷத்தைவிட அதிகம் கட்டுறோம். அப்படித்தானே?"

"குடையெல்லாம் மடக்கினோமே. அது மிச்சம்."

"சோப்பு உறையைக்கூடத் தூக்கிப் போடாத மனுஷன்..." என்று ஆரம்பித்தவள் முடிக்கவில்லை. ராத்திரிச் சாப்பாட்டில் எனக்கு மட்டும் மின்மினிக் கணவாய் இரண்டு மடங்கு வைத்திருந்தாள். சண்டையா, பாராட்டா? கேட்கவில்லை. தின்றேன்.

ஏப்ரல் 29, புதன், விடுமுறை

காலை எட்டு மணிக்குச் சஹோ கிளம்பினாள். பின் இருக்கை முழுக்கப் படுக்கை, அரிசி, கிமியே கொடுத்த பானை. சக்கரத்துக் காற்று பார்த்தேன். கண்ணாடி கழுவும் தண்ணீர் பார்த்தேன். மறுபடி காற்று பார்த்தேன்.

"அப்பா, அது காலையிலேர்ந்து மூணாவது தடவை."

"மலைப்பாதை."

"பறக்கும்னு சொன்னீங்க."

நேற்றுத்தான் எல்லா வயலிலும் தண்ணீர் விட்டார்கள். எங்கள் வீட்டுச் சந்துக்கு இரண்டு பக்கமும் வானம் படுத்துக் கிடந்தது, நடுவில் ஒரு கார் அகலத்துக்கு மண். பின்பக்கமாக எடுத்துத்தான் பெரிய சாலைக்குப் போக முடியும். கொஞ்சம் பிசகினால் மேகத்துக்குள் விழ வேண்டியதுதான். நான் முன்னால் போய்ச் சாலையில் நின்றுகொண்டேன். இங்கே யார் காருக்கு வழி காட்டினாலும் கூப்பிடும் அதே சொல்லைக் கூப்பிட்டேன். வரலாம்... வரலாம்... இன்னும் வரலாம்... பச்சைக் கார் தண்ணீர் நடுவே மெதுவாக என்னை நோக்கிப் பின்பக்கமாகவே வந்தது. கண்ணாடியில் அவள் முகம், பெரிய கவனத்தோடு. தண்ணீருக்குள்ளே இன்னொரு பச்சைக் கார், தலைகீழாக, அதுவும் வந்தது. வரலாம்... இடது... வரலாம்... இப்படியே சாயங்காலம்வரை கூப்பிட்டுக்கொண்டிருக்கலாம் போல இருந்தது.

சந்து முடிந்தது. கார் சாலைக்கு வந்து நேராகியது. அந்த இடத்தில், வழி காட்டுகிறவன் சொல்ல வேண்டிய சொல் ஒன்று உண்டு. நான் உள்ளங்கையை மட்டும் உயர்த்திக் காட்டினேன். சஹோ அதை விடைகொடுப்பதாக எடுத்துக்கொண்டு ஜன்னல் வழியாகக் கையசைத்துவிட்டுப் போனாள்.

'நிறுத்து' என்று வாய்விட்டுச் சொல்லவில்லை.